இரண்டு ஆணியும் ஒரு ஜூபா படமும்

பட்டம் வாங்கியவரைப் படம் எடுப்பது பெரிய வேலையில்லை. அவரோடு வேன் நிறைய வந்து இறங்குகிறார்களே, அத்தனை பேரையும் ஒரே நேரத்தில் கண் திறந்திருக்க வைப்பதுதான் எங்கள் தொழில்.

கடை வைத்திருப்பவர்களுக்கு, அதிலும் இடுப்பில் பிள்ளையோடு கடை வைத்திருப்பவர்களுக்கு, நான் சொல்லப்போவது எதுவும் புதிதாக இருக்காது. பேராக்கில், சிலிம் ரிவர் பக்கம், ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவள் நான். கல்யாணமாகி ஈப்போ புந்தோங்குக்கு வந்தேன். வீட்டுக்காரர் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார், நான் ஸ்டூடியோ ஓட்டுகிறேன். பட்டமளிப்பு அங்கியை எங்கள் ஊரில் ஜூபா என்போம். விழா முடிந்ததும், வாடகை ஜூபாவைத் திருப்பிக் கொடுப்பதற்குள் ஒரு நல்ல படம் எடுத்துவிட வேண்டும் என்று, பல்கலைக்கழகம் இருக்கும் காம்பாரிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் என்னிடம் ஓடிவருவார்கள். அப்படி ஓடிவந்த ஒரு குடும்பத்தோடு நான் ஒரு வருடத்துக்கும் மேலாக மல்லுக்கு நின்ற கதைதான் இது. நடுவில் வேறு ஓரிருவரும் வந்து போவார்கள். கடை என்றால் அப்படித்தானே?

போட்டோகிராபர் எங்கே?

ஒரு வெள்ளிக்கிழமை காலை. என் மகள் யாழினிக்கு சோபாவில் பேம்பர்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பள்ளி வேன் வந்து நின்றது. அதை ஓட்டிவந்தவர் வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி. பெயர் வேலு. பின்னால் அவர் மனைவி பார்வதி ஆண்ட்டி, மகன் சரவணன், கடைசியாக ஜூபாவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மகள் அமுதா. கணக்கியல் பட்டம். நடையிலேயே தெரிந்தது, அந்த ஜூபாவுக்காக எவ்வளவு நாள் காத்திருந்தாள் என்று.

“போட்டோகிராபர் இருக்காராம்மா?” என்றார் வேலு அங்கிள். “இருக்காங்க அங்கிள், உக்காருங்க” என்றேன். உட்கார்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். “பத்தரைக்கு ராகு காலம் ஆரம்பிக்குது. கூப்பிடும்மா அவர.” இந்தக் கேள்வியைக் கேட்காத ஆண்பிள்ளை என் கடைப் படி ஏறியதில்லை. முன்பெல்லாம் விளக்கம் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. யாழினியைத் தூக்கி அவர் மடியில் வைத்துவிட்டு கேமராவை எடுத்தேன். சூடான சட்டியைப் பிடித்தவர் மாதிரி அவர் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தார். பிள்ளையோ அவர் சட்டைப் பொத்தானை விடவில்லை. அதனால் அந்தக் குடும்பத்தின் முதல் படத்தில் என் மகளும் இருக்கிறாள்.

“பிள்ளைய வச்சிக்கிட்டு நீ எப்படிம்மா படம் எடுப்ப?” என்று அவர் விடாமல் கேட்டதற்கு, நான் வாயைத் திறப்பதற்குள் சரவணன் பதில் சொன்னான். “பிள்ள இப்ப உங்க கையிலதான்பா இருக்கு. அக்காவுக்கு ரெண்டு கையும் ஃப்ரீ லா.”

இரண்டு ஆணி

படங்களைத் திரையில் காட்டினேன். அமுதா தனியாக நிற்கும் படம் ஒன்று. தாடை கொஞ்சம் தூக்கி, தொப்பிக் குஞ்சம் கன்னத்தில் பட, “இப்ப என்ன சொல்றீங்க?” என்று யாரையோ கேட்பதுபோல நிற்கிறாள். நான் எடுத்ததிலேயே எனக்குப் பிடித்த படம் அதுதான். “இத ஆக பெருசா போட்டு, ஃபிரேம் பண்ணிக் கொடுங்கக்கா” என்றாள். “பர்ஸுல வைக்கிற சைஸ் போதும்” என்றார் அப்பா.

காரணத்தை அவரே சொன்னார். பிள்ளைகள் தமிழ்ப் பள்ளியில் படிக்கும்போதே வீட்டு ஹாலில் இரண்டு ஆணி அடித்துவைத்தாராம். வலது பக்கம் மூத்தவன் சரவணனின் பட்டப் படத்துக்கு. இடது பக்கம் அமுதாவின் படத்துக்கு. சரவணன் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டுவிட்டு லாரி பட்டறையில் சேர்ந்துவிட்டான். “மூத்தவன் படம் ஏறாம இளையவ படம் ஏறக்கூடாது. பையன் மூஞ்சி வாடிரும்” என்றார். கல்யாணத்துக்குத்தான் இப்படி வரிசை பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன், சுவருக்கும் பார்க்கிறார்கள். “வலது ஆணியில இப்ப என்ன அங்கிள் தொங்குது?” என்றேன். “கிழிக்கிற காலண்டர்.” “இடது ஆணியில?” “ஒண்ணும் இல்ல.” சரவணன் கைப்பேசியைப் பார்ப்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் வேனில் ஏறிய பிறகு அமுதா மட்டும் மறந்துபோன கைப்பையை எடுப்பதுபோல் திரும்பி வந்தாள். கைப்பை அவள் தோளில்தான் இருந்தது. “அக்கா, அடுத்த மாசம் நான் ஜொகூருக்கு வேலைக்குப் போயிருவேன். நான்தான் வீட்டுல இருக்க மாட்டேன், என் படமாச்சும் இருக்கட்டும்னு பாத்தேன். அம்மா என்ன, வெறும் ஆணியப் பாத்துக்கிட்டா சோறு சாப்பிடுவாங்க?”

சிவப்பு பல்பு

சுவர் என்றால் எங்கள் ஆட்களுக்கு விளையாட்டு இல்லை என்பதைச் சொல்ல ஒரு சின்னக் கதை. ஒரு பெண் முதுகலை முடித்துவிட்டு வந்து படம் எடுத்தாள். கோயிலில் போட்ட ரோஜா மாலையைக் கழற்றாமல் எடுக்க வேண்டும் என்பது அவள் அம்மாவின் கட்டளை. “மாலை வேணாம் ஆண்ட்டி” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. மாலையோடு எடுத்து, ஃபிரேம் போட்டு அனுப்பினேன்.

அந்த அம்மா படத்தைக் கொண்டுபோய், ஹாலில் காலஞ்சென்ற தாத்தா, பெரியப்பா படங்கள் இருக்கும் வரிசையில் மாட்டிவிட்டார். அங்கேதான் இடம் இருந்ததாம். மின்சாரப் பிளக்கும் அங்கேயே இருந்ததால், எல்லாப் படத்துக்கும் இருப்பதுபோல் இதற்கும் ஒரு சிவப்பு பல்பு. மறு வாரம் தெலுக் இந்தானிலிருந்து தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றினார், சுவரைப் பார்த்தார், துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். உள்ளே மீ கோரெங் பிரட்டிக்கொண்டிருந்த பெண் கரண்டியோடு ஓடிவந்து சொன்னாளாம்: “அங்கிள், நான் உயிரோடதான் இருக்கேன். மேற்கொண்டு படிக்க வேற போறேன், அழாதீங்க!”

தலை மாற்றும் வேலை

ஒரு வாரம் கழித்து வேலு அங்கிள் தனியாக வந்தார். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே வந்திருந்தார். இந்த முறை போட்டோகிராபரைக் கேட்கவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து சரவணனின் பாஸ்போர்ட் படத்தை எடுத்து மேசையில் வைத்தார். “கம்ப்யூட்டர்ல தலைய மாத்தலாமாம்லம்மா? ஜூபா போட்ட உடம்புல இவன் தலைய வச்சிக் கொடு. ரெண்டு படமும் ஒரே நாள்ல ஏறிரும். ரெண்டு பிள்ளைங்களும் ஒண்ணா இருக்கும்.”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பிள்ளைகள் இருவரும் சமமாக நிற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவரை எப்படித் திட்டுவது? ஆனால் வேலை என்னுடையது, தலை சரவணனுடையது. “அவர் வந்து சரின்னு சொல்லட்டும் அங்கிள், அஞ்சு நிமிசத்துல செஞ்சு தாரேன்” என்றேன். மகன் மறுக்க மாட்டான் என்ற நம்பிக்கையில் உடனே போன் போட்டார். சாப்பாட்டு நேரத்தில் எண்ணெய்ச் சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான் சரவணன். விஷயத்தைக் கேட்டான். சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை. “நான் படிக்காத படிப்ப என் தலையில மாட்டாதீங்கப்பா. வீட்டுக்கு வர்றவங்க என்ன படிச்சன்னு கேட்டா, லாரி எஞ்சின்ல எம்.ஏ.ன்னா சொல்றது? என்னை எடுக்கணும்னா இப்படியே எடுங்க.” பட்டமளிப்புச் சுருளுக்குப் பதிலாக ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பின்திரைக்கு முன்னால் நின்றான். எடுத்தேன். ஜூபா போட்டவர்கள் எத்தனையோ பேருக்கு அந்த நிமிர்வு வருவதில்லை.

அப்பா போய் வேனில் ஏறினார். சரவணன் வாசலிலேயே நின்று வேன் திரும்பும்வரை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்: “தங்கச்சி படத்த மாட்டுங்கன்னு நானும் சொல்லிட்டேன்கா. என் மூஞ்சி வாடும்னு அவரே முடிவு பண்ணிட்டாரு. என் மூஞ்சிய பத்தி எனக்குத் தெரியாதா?”

கடைக் கண்ணாடி

வீட்டுச் சுவரில் இடமில்லை என்றால் என் கடையில் இருக்கிறது. அமுதாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். “வைங்கக்கா, ஆகப் பெரிய சைஸ்ல வைங்க” என்றாள். பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தபடி இருக்கும் என் கடைக் கண்ணாடிக்குள், முன்பு ஒரு கல்யாண ஜோடி இருந்த இடத்தில், அமுதாவை நிற்கவைத்தேன். வேலு அங்கிளின் பள்ளி வேன் காலையும் மாலையும் அந்த வழியாகத்தான் போகும். வேனுக்குள் இருக்கும் பிள்ளைகள் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் “அமுதா அக்கா! அமுதா அக்கா!” என்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

மூன்றாவது நாள் வேன் நின்றது. “எடும்மா அந்தப் படத்த.” “மாட்டேன் அங்கிள். உங்க வீட்டுச் சுவரு உங்களோடது. இந்தக் கண்ணாடி என்னோடது. படத்துல இருக்கிற பிள்ள சரின்னு சொல்லியாச்சு.” “நான் கோயில் கமிட்டியில இருக்கேன், தெரியும்ல? கோயில்ல இருந்து இனி ஒரு ஆளு உன் கடைக்கு வரமாட்டான்.” “வரலைன்னா பரவால்ல. படம் எடுக்க மாட்டேன்னு சொன்னது நான் இல்லையே.” சொன்னபடியே செய்தார். அந்த வருடத் திருவிழா பேனர் வேலை வேறு கடைக்குப் போனது. யாழினிக்குக் காதணி விழா வைக்க நினைத்திருந்தோம், தள்ளிப்போட்டோம்.

வேன் வந்து நின்ற அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் பஸ்ஸை விட்டுவிட்டுக் கடைக்கு வந்தார். விஷயம் அவர் காதுக்கு முன்பே போயிருந்தது. “எடுத்துட்டா என்ன?” என்றார். “வாடகை கட்டுற கடையில என் இஷ்டத்துக்கு ஒரு படம் வைக்க முடியலைன்னா, நான் பேசாம கையுறை ஃபேக்டரிக்கே போயிருப்பேன்” என்றேன். அவர் கண்ணாடியில் விரலை வைத்துத் தூசி பார்த்தார். பிறகு பழைய துணி ஒன்றைத் தேடி எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். “சரி, கண்ணாடிய நல்லா தொடை. வைக்கிறதுதான் வைக்கிற, பளபளன்னு தெரியட்டும்.”

சுவரைத் தவிர

ஜொகூரிலிருந்து அமுதா போன் போட்டாள். “அப்பா சுவத்துலதானேக்கா கூடாதுன்னாரு? மத்த இடத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலையே!” பட்டப் படத்தை எதில் எல்லாம் போடலாம் என்று தெரியாதவர்கள் என் கடைக்கு வாருங்கள். கோப்பை, சாவிக்கொத்து, தலையணை உறை, ஐஸ்பெட்டியில் ஒட்டும் காந்தம், மேசை விரிப்பு, குடை. குடையில் போட்டால் மழை வரும்போதெல்லாம் பட்டம் விரியும். அமுதா ஒவ்வொரு மாதமும் ஒன்று செய்யச் சொல்லி, அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

முதலில் கோப்பை. வேலு அங்கிள் அதில் கோப்பி குடித்தார், ஆனால் படம் சுவரைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு. அடுத்தது வேன் சாவிக்கு ஒரு சாவிக்கொத்து. சாவியை மட்டும் உருவிக்கொண்டு கொத்தை மேசையிலேயே விட்டுவிட்டார். ஐஸ்பெட்டிக் காந்தம் முன் கதவிலிருந்து பக்கவாட்டுக்குப் போனது, அங்கே அடுப்புச் சுவரைத் தவிர யாரும் பார்க்க முடியாது. தலையணையை எடுத்துக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன்மேல் சாய்ந்து செய்தி பார்த்தாராம். எதையும் உடைக்கவில்லை, எதையும் வீசவில்லை. திருப்பி மட்டும் வைத்தார். அந்த மனிதரின் பிடிவாதத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் மரியாதை வந்துவிட்டது. சாமான் வாங்க வந்த பார்வதி ஆண்ட்டி என் கடைக்குள் தலையை நீட்டிச் சொன்னார்: “உன்னால என் மக வீடு பூரா இருக்காம்மா. ஆனா எல்லாப் பக்கமும் திரும்பித்தான் நிக்கிறா.”

சோற்றுக்கடைப் பிள்ளையார்

வருடக் கடைசியில் எனக்கு வேறு வேலை வரும். கடைக்காரர்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் தினசரிக் காலண்டருக்கு அட்டை அச்சடித்துக் கொடுப்பேன். மேலே சாமி படம், நடுவில் கடைப் பெயர், கீழே நாள் தாள்களின் கட்டு. ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் அந்தத் தாளில் இருக்கும். வாழையிலைச் சோற்றுக்கடை லெட்சுமி அக்கா அந்த வருடம் வந்து, “மேல பிள்ளையாரு இருக்கட்டும். கடைப் பேரு வேணாம். கீழ என் மவன் ஜூபா போட்ட படத்தப் போடு” என்றார்.

மகன் கூடவே வந்திருந்தான். பாவம், முகம் வெளிறிப்போய், “வேணாம்மா, பேரு மட்டும் போடுங்க. ஊர்ல எல்லா வீட்டு ஹால்லயும் நான் தொங்கணுமா? எனக்குத் தெரிஞ்ச பொம்பளப் பிள்ளைங்க வீடெல்லாம் இருக்கு” என்று கெஞ்சினான். “தெரிஞ்ச பிள்ளைங்க வீட்டுலதான்டா முக்கியமா தொங்கணும்!” என்றார் அவர். “எல்லாரும் மாட்டுவாங்களாக்கா? சில பேரு தூக்கி ஓரமா வச்சிருவாங்க” என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். லெட்சுமி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். “என் மவன் பிள்ளையாருக்குக் கீழ நிக்கிறான். சாமி படத்த எவன் கீழ போடுவான், எவன் திருப்பி வைப்பான்? வருசம் பூரா மாட்டித்தான் ஆகணும்!”

முருகனின் பாதம்

‘எவன் திருப்பி வைப்பான்?’ அந்த ஒரு வார்த்தை என்னைச் சாப்பிட விடவில்லை. வேலு அங்கிள் வீட்டு ஹாலில் காலண்டர் இல்லாமல் ஒரு நாளும் நகராது. டயர் மாற்ற, முடி வெட்ட, வேனுக்குப் பெட்ரோல் ஊற்றக்கூட அந்தத் தாளைப் பார்ப்பவர் அவர். தினம் காலையில் தாளைக் கிழிப்பதும் அவர்தான். வேறு யாரும் கை வைக்கக்கூடாது. மனதில் வந்த யோசனையை அமுதாவிடம் சொன்னேன், போனிலேயே கூவினாள். சரவணனிடம் சொன்னேன், “நான் கொண்டுபோறேன்கா” என்றான்.

அந்த அட்டைக்கு நான் பட்ட பாடு எந்தக் கல்யாண ஆல்பத்துக்கும் பட்டதில்லை. வேலு அங்கிள் கும்பிடும் சாமி முருகன். மேலே முருகனை வைத்தேன், கீழே அமுதாவை. நடுவில் கோடு போட்டுப் பிரித்தால் கீழ்ப் பாதியில் வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அதனால் கோடே போடவில்லை. மயில் தோகையை இறக்கி அவள் ஜூபாவின் இரண்டு தோளிலும் விரித்தேன். முருகனின் பாதம் அவள் தொப்பிக்கு மேல் ஆசீர்வாதம் மாதிரி இருக்கும்படி வைத்தேன். எங்கே தாள் ஒட்டினாலும் ஒன்று பாதம் மறையும், இல்லை மயில் மறையும். அவருக்காகவே இழைத்து இழைத்துச் செய்த வேலை அது. சாமியை வைத்து வம்பு பண்ணுகிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தியது. முருகனுக்கும் அப்பாவோடு சண்டை போட்ட அனுபவம் உண்டு, கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

புது வருடக் காலை. எழுந்து வந்த வேலு அங்கிள் சுவரைப் பார்த்தார். கழற்றுவதற்குக் கையைத் தூக்கினார். முருகன் முகம் எதிரே. கை அப்படியே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு இறங்கியதாம். பிறகு கத்தரிக்கோலும் பழைய வெள்ளைத் தாளும் எடுத்துவந்து, அங்கே வைத்துப் பார்த்து, இங்கே வைத்துப் பார்த்து, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் சரவணன் கடைக்கு வந்து இதை நடித்தே காட்டினான். “அப்பா கேட்டாருக்கா, ‘எவன்டா இத வலது ஆணியில மாட்டுனது?’ன்னு. ‘அது என் ஆணிதானேப்பா, நான்தான் மாட்டுனேன்’னேன்.”

இரண்டு தாள்

அப்புறம் மாதக்கணக்கில் அந்த வீட்டிலிருந்து சத்தமில்லை. என் கடைக் கண்ணாடியில் அமுதா நின்றுகொண்டுதான் இருந்தாள். வேன் போய்க்கொண்டுதான் இருந்தது, ஓட்டுபவர் நேரே ரோட்டைப் பார்த்தபடி. கோயில் ஆட்களில் சிலர் மட்டும் கமிட்டிக்குத் தெரியாமல் பின்பக்கக் கதவு வழியாக வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். முன்பக்கமாக வரச் சொன்னேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருக்கும்.

ஒரு நாள் பார்வதி ஆண்ட்டி பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் தோள்பட்டை குலுங்கியது. பாஸ்போர்ட் படத்துக்குச் சிரிக்கக்கூடாது ஆண்ட்டி என்று சொல்லச் சொல்ல, விஷயத்தைக் கொட்டினார். ஆரம்பத்தில் அங்கிள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் தாளைக் கிழிப்பாராம். ஒரு வெள்ளிக்கிழமை அப்படிப் பார்க்காமல் கிழித்ததில் இரண்டு தாள் சேர்ந்து வந்துவிட்டது. காலண்டர் சனிக்கிழமை காட்டியது. இவர் ஆற அமர எண்ணெய் தேய்த்துக் குளித்து, கைலியோடு இட்லிக்கு உட்கார்ந்திருக்கிறார். புந்தோங் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள், போன் ஓயாமல் அடிக்கிறது! அன்றிலிருந்து நேராகப் பார்த்துத்தான் கிழிக்கிறார். பார்த்தால் மகள் முகத்தைப் பார்த்தாக வேண்டும். பிறகு முருகன்மேல் தூசி என்று சொல்லித் துண்டால் துடைக்க ஆரம்பித்தாராம். துண்டு முருகனோடு நிற்பதில்லையாம், கீழேயும் வருகிறதாம்.

நான் கேமராவை இறக்கிவிட்டேன். “இப்ப எப்படி ஆண்ட்டி இருக்காரு?” ஆண்ட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்பல்லாம் மெதுவா கிழிக்கிறாரும்மா.”

தாள் தீர்ந்தது

மறுபடி வருடக் கடைசி. கடை நிறைய காலண்டர் அட்டைகள். யாழினி நடக்கப் பழகி, ஓடப் பழகி, அட்டைகளை மிதிக்காமல் தாண்டவும் பழகிவிட்டாள். வாசலில் வேன் நின்றது. வேலு அங்கிள் இறங்கி, கண்ணாடிக்குள் இருக்கும் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே வந்தார். கையில் பழைய வேட்டியில் சுற்றிய ஏதோ ஒன்று. யாழினி ஓடிப்போய் அவர் சட்டைப் பொத்தானைப் பிடிக்க எட்டினாள். நான் சண்டைக்குத் தயாராக மேசைக்குப் பின்னால் நின்றேன். ‘கண்ணாடியில் இருப்பதை எடு’ என்றால் என்ன சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன்.

வேட்டியைப் பிரித்தார். நான் செய்த அட்டை. மேசையில் படுக்கவைக்கவில்லை, சுவரில் சாய்த்து நிறுத்தினார். ஒரு முனை மடங்கவில்லை, ஒரு கறை இல்லை. கீழே கடைசிச் சில தாள்கள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. “தாள் தீந்துபோச்சு” என்றார். நான் விடவில்லை. “புது அட்டை வேணுமா அங்கிள்? வெறும் முருகன் படமா இருக்கு, கீழ யாரும் இல்லாம. பாருங்க, நல்லா இருக்கும்.” புது அட்டை ஒன்றை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அதை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தந்தார். இடது ஆணி என்ன ஆயிற்று என்று கேட்டேன். “அது அப்படியேதான் இருக்கு. நான் ஒண்ணும் மாட்டல” என்றார் விறைப்பாக. சரி, மாட்டவில்லை. அவர் சொல் அவருக்கு, என் கண்ணாடி எனக்கு.

யாழினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தார். இந்த முறை நெளியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “அமுதா நாளைக்கு லீவுல வருது. அதுக்குள்ள சுவத்துல இருக்கணும். இந்த அட்டைய மாத்தாத. தாள மட்டும் மாத்திக் கொடு.”

ஆகவே கடைக்காரத் தோழிகளே, பட்டப் படத்தை எங்கே மாட்டலாம் என்று உங்களிடம் யாராவது வந்து கண் கலங்கினால், முருகனுக்குக் கீழே, ராகு காலத்துக்கு மேலே மாட்டச் சொல்லுங்கள், அந்த இடத்தில் கை வைக்கும் துணிச்சல் இந்தப் பேராக்கில் எந்த அப்பாவுக்கும் இன்னும் வரவில்லை.